சொற்களின் பாகப்பிரிவினை

ஆங்கிலத்தில் வயலில் மேயும் மாட்டுக்கு ஒரு பெயர், அது தட்டில் கறியாக வந்தால் வேறு பெயர். மேய்வது 'ஆக்ஸ்', உண்பது 'பீஃப்'. செம்மறி ஆடு 'ஷீப்', அதன் கறி 'மட்டன்'. கன்று 'காஃப்', அதன் கறி 'வீல்'. இது ஏன் என்று கேட்டால், ஆங்கிலம் படித்தவர்கள் பலரும் ஒரே கதையைச் சொல்வார்கள். 1066-இல் நார்மண்டியிலிருந்து வில்லியம் படையோடு வந்து இங்கிலாந்தை வென்றான். அதன்பின் கால்நடையை மேய்த்தவன் ஆங்கிலம் பேசிய குடியானவன். கறியைத் தின்றவன் பிரெஞ்சு பேசிய பிரபு. அதனால் உயிருள்ள விலங்கு ஆங்கிலப் பெயரோடு நின்றது, கறி பிரெஞ்சுப் பெயரை வாங்கிக்கொண்டது. 1819-இன் இறுதியில் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவலில் ஒரு பன்றி மேய்ப்பவனும் ஒரு விகடனும் இதைப் பேசிக்கொள்வார்கள். கதை உலகெங்கும் பரவியது அந்த நாவலால்தான். அதற்கு நெடுநாள் முன்பே, 1653-இல் ஆங்கில இலக்கணத்தை இலத்தீனில் எழுதிய ஜான் வாலிஸ் இதைக் குறித்து வைத்திருந்தார். சொற்கள் அந்த இரண்டு மொழிகளிலிருந்து வந்தன என்பது உண்மை. ஆனால் பொருள் வேறுபாடும் அன்றே, அந்தப் படையோடு கப்பலில் வந்து இறங்கியது என்று எண்ணுவது தவறு. அந்தத் தவறைத் திருத்தினால்தான் ஆங்கிலத்தின் ஒருபொருட்பன்மொழிகளைப் பற்றிய மிக முக்கியமான உண்மை நமக்குப் புலப்படும்.

சான்றுகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. ஷேக்ஸ்பியர் 1590-களில் எழுதிய 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில், கடன் கொடுப்பவனான ஷைலாக் மனித மாமிசத்தின் விலையை ஆடு மாடுகளின் மாமிசத்தோடு ஒப்பிட்டுப் பேசுகிறான். அங்கே அவன் உயிருள்ள விலங்குகளுக்குச் சொல்லும் பெயர்கள் 'மட்டன்'களும் 'பீஃப்'களும்தான். அவற்றின் மாமிசத்தைச் சொல்ல 'ஃப்ளெஷ்' என்ற தனிச் சொல்லை அவன் சேர்க்க வேண்டியிருக்கிறது. 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், லேவியராகமத்தின் 22-ஆம் அதிகாரம் பலிக்குக் கொண்டுவரும் பழுதற்ற மாடுகளை 'பீவ்ஸ்' என்கிறது. 'பீஃப்' என்பதன் பன்மை அது. படையெடுப்பு நடந்து ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் 'பீஃப்' நான்கு காலில் நடந்துகொண்டிருந்தது என்று பொருள். 1755-இல் சாமுவேல் ஜான்சன் தமது அகராதியை வெளியிட்டபோதுகூட, 'மட்டன்' என்பதற்கு இரண்டாவது பொருளாக 'செம்மறி ஆடு' என்று எழுதினார். இப்போது அது கேலிப் பேச்சில் மட்டுமே வழங்குகிறது என்ற குறிப்பையும் சேர்த்தார். அந்தச் சிறு குறிப்பில் ஒரு பிரிவினை முடிவுக்கு வருவதை நாம் கண்ணால் பார்க்கிறோம். எந்தப் பிரபுவும் ஆணையிடவில்லை, எந்த இலக்கணமும் விதிக்கவில்லை. ஒரே இடத்துக்கு இரண்டு சொற்கள் உரிமை கொண்டாடின. மக்கள் வழக்கு மெல்ல மெல்ல வீட்டைக் குறுக்குச் சுவர் வைத்துப் பிரித்துக் கொடுத்தது.

இதே வேலை நம் கண்ணெதிரே தமிழ்நாட்டில் நடந்துகொண்டிருக்கிறது. கொல்லையில் மேய்வது கோழி; கடைப் பலகையில் எழுதியிருப்பது சிக்கன். பட்டியில் இருப்பது ஆடு. பிரியாணியில் இருப்பது மட்டன். 'சிக்கன் முட்டையிட்டது' என்று தமிழில் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஆங்கிலத்தில் 'சிக்கன்' பறவையையும் குறிக்கும், கறியையும் குறிக்கும். அந்த மொழி அங்கே பிரிவினை செய்யவே இல்லை. இங்கிலாந்தில் மட்டன் செம்மறிக் கறி. இங்கே வெள்ளாட்டுக் கறியும் மட்டன்தான். ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வேறுபாட்டை ஆங்கிலச் சொல்லைக் கொண்டே தமிழர்கள் உண்டாக்கியிருக்கிறார்கள். இதற்கு எந்தப் பண்டிதரும் காரணமல்ல. உணவகத்தின் விலைப் பட்டியலும் கறிக்கடையின் பலகையும் அன்றாடப் பேச்சும் போதுமாயிருந்தன. பொருள் நுட்பம் என்பது சொல்லோடு பிறப்பதில்லை, சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ நேரும்போது வழக்கில் விளைவது என்பதே நான் சொல்ல வருவது.

பிரிக்க முடியாத சொத்தாக இருந்தால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. இங்கிலாந்தின் முதல் அச்சாளரான வில்லியம் காக்ஸ்டன், 1490-இல் தாம் மொழிபெயர்த்து அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் ஒரு நிகழ்ச்சியை எழுதுகிறார். தேம்ஸ் ஆற்றில் சீலாந்துக்குப் புறப்பட்ட வணிகர்கள், காற்றில்லாமல் கரையோரம் தங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் ஒரு வீட்டுக்குப் போய் 'எக்ஸ்' வேண்டும் என்று கேட்கிறார். அந்த வீட்டுப் பெண்மணி, எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறார். கேட்டவருக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாது, அவர் கேட்டது ஆங்கிலத்தில்தான். பிறகு இன்னொருவர் 'எய்ரன்' என்று கேட்கிறார். பெண்மணிக்கு உடனே புரிகிறது. இரண்டும் முட்டைதான். 'எய்ரன்' பழைய ஆங்கிலத்தின் வழிவந்தது. 'எக்' வடக்கில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் கொண்டுவந்தது. முட்டையில் பங்கு போட ஒன்றுமில்லை. அதனால் ஒன்று வாழ்ந்தது, மற்றது செத்தது. ஆனால் அதே ஸ்காண்டிநேவியர்கள் கொண்டுவந்த 'ஸ்கர்ட்' என்ற சொல்லையும், அதன் உடன்பிறப்பான ஆங்கிலச் சொல் 'ஷர்ட்' என்பதையும் பாருங்கள். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிறந்து ஒரே வகை ஆடையைக் குறித்தவை. உடலுக்கு மேல்பாதி, கீழ்பாதி இருந்ததால் இரண்டுக்கும் இடம் கிடைத்தது, இரண்டும் பிழைத்தன.

இந்தப் பிரிவினை ஒரே முறை நடந்து முடிவதுமில்லை. விலங்கு என்ற கருத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய ஆங்கிலத்தில் எந்த விலங்கும் 'டீர்'தான். ஜெர்மன் மொழியில் இன்றும் விலங்கைக் குறிக்கும் 'டியர்' அதன் உறவு. பிறகு பிரெஞ்சிலிருந்து 'பீஸ்ட்' வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது. 'டீர்' மெல்லக் குறுகி, வேட்டைக்காரர்கள் மிகுதியாக நாடிய ஒரே விலங்கான மானுக்குரிய பெயராயிற்று. ஆனாலும் 'கிங் லியர்' நாடகத்தில் எலிகளைக்கூட 'சிறு டீர்' வகையில் சேர்த்துப் பேசும் ஒரு வரி இருக்கிறது; பழைய பொருள் அதுவரை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பிறகு இலத்தீனிலிருந்து 'அனிமல்' வந்தது. 1600-க்கு முன் அது அரிய சொல். 1611 விவிலியத்தில் அது ஓரிடத்தில்கூட இல்லை. அது வேரூன்றியதும் 'பீஸ்ட்' தன் நடுநிலையை இழந்தது. இன்று ஒரு மனிதனை 'பீஸ்ட்' என்றால் அவனுடைய கொடுமையைச் சொல்கிறோம். சாவுக்கும் இதே கதைதான். அதைக் குறித்த பழைய சொல் 'ஸ்டார்வ்'. 'டை' வலுத்த பின் அது பட்டினிச் சாவுக்கு ஒதுங்கி, பிறகு வெறும் பட்டினிக்கும் இறங்கியது. வட இங்கிலாந்தில் இன்றும் குளிரில் விறைப்பதை 'ஸ்டார்வ்' என்று சொல்லும் வட்டாரங்கள் உண்டு. ஒரே மரபுச் சொத்து ஒரு பக்கம் பசிக்கும் ஒரு பக்கம் குளிருக்கும் போயிருக்கிறது.

நார்மானியர் ஆட்சியின் பின்விளைவாக ஆங்கிலத்தில் புகுந்த பிரெஞ்சுச் சொற்கள் சுமார் 10,000 என்று மொழி வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அவை மிகுதியாக வந்தது வெற்றி பெற்ற சூட்டில் அல்ல. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 14-ஆம் நூற்றாண்டிலும், பிரபுக்களே பிரெஞ்சை விட்டு ஆங்கிலத்துக்குத் திரும்பியபோதுதான். வழக்கு மன்றங்களில் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று 1362-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. அக்காலத்தின் தடம் சட்டமொழியில் இன்றும் அழியவில்லை. 'வில் அண்ட் டெஸ்டமென்ட்', 'குட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்', 'ஃபிட் அண்ட் ப்ராப்பர்' என்று ஒரே பொருளுள்ள சொற்களை இரட்டையாகக் கட்டி எழுதுவது மரபாயிற்று. பெரும்பாலும் ஒன்று ஆங்கிலம், ஒன்று பிரெஞ்சோ இலத்தீனோ. அதே வார்ப்பில் பிறந்த 'நல் அண்ட் வாய்ட்' நம் ஊர் ஒப்பந்தப் பத்திரங்களிலும் இடம்பெறுகிறது. இங்கே ஒரு மறுப்பு எழலாம்: வேறுபாடு இல்லாமலே இரண்டு சொற்கள் அறுநூறு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருக்கின்றனவே, அப்படியானால் பிரிவினை என்ற வாதம் நிற்குமா? நிற்கும். அந்த இரட்டைகள் சேர்ந்து வாழ்வது சூத்திரத்துக்குள் மட்டும். வெளியே வந்ததும் அவை பிரிந்துவிடுகின்றன. 'வில்' தனியாக நின்று உயிலாயிற்று. 'டெஸ்டமென்ட்' தனியாக நின்றால் விவிலியத்தின் பகுதி, அல்லது ஒன்றுக்குச் சாட்சியாக நிற்பது. சட்டப் புத்தகங்களும் சும்மா இருக்கவில்லை. 'வில்' நிலத்துக்கு, 'டெஸ்டமென்ட்' அசையும் பொருளுக்கு என்று பிற்காலத்தில் வேறுபாடு கற்பித்தன. இரண்டு சொல் இருந்தால் இரண்டு பொருள் இருக்கத்தான் வேண்டும் என்ற உந்துதல் அவ்வளவு வலியது. 'சாட்டல்' என்பதன் கதை இன்னும் சுவையானது. 'சாட்டல்' ஆகிய உடைமை, 'கேட்டில்' ஆகிய கால்நடை, 'கேப்பிட்டல்' ஆகிய முதலீடு மூன்றும் ஒரே இலத்தீன் சொல்லின் பிள்ளைகள். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியில் வந்து, ஒரே தகப்பன் சொத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டன. பழந்தமிழில் 'மாடு' செல்வத்தையும் குறித்தது என்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

இவ்வளவும் புத்தகத் துணையின்றி நடந்தவை. வேறுபாடுகளை எடுத்து எழுதுவதே ஒரு தொழிலாக ஆனது 18-ஆம் நூற்றாண்டில். அதற்கு வித்து பிரான்சில் விழுந்தது: 1718-இல் காப்ரியேல் ஜிரார் என்ற பாதிரியார் பிரெஞ்சுச் சொற்களின் துல்லியத்தைப் பற்றி எழுதிய நூல். 1766-இல் ஜான் டிரஸ்லர் என்பவர் அதைப் பின்பற்றி ஆங்கிலத்துக்கு ஒரு நூல் செய்தார். 1783-இல் எடின்பரோ பேராசிரியர் ஹியூ பிளேர் தம் சொற்கலை விரிவுரைகளை அச்சிட்டபோது, அதில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கினார். 'கஸ்டம்' என்பது செயலைப் பற்றியது, 'ஹேபிட்' செய்பவனைப் பற்றியது என்றார். 'பிரைட்' நம்மை நாமே மதிப்பது, 'வேனிட்டி' பிறர் நம்மை மதிக்க வேண்டும் என்று ஏங்குவது என்றார். இந்த இரண்டாவது பிரிவைத் தமிழில் செருக்கு என்றும் பகட்டு என்றும் சொன்னால் ஓரளவு கிட்ட வரும். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் அந்த வேறுபாடு அசையாமல் நிற்கிறது.

1794-இல் வந்த 'பிரிட்டிஷ் சினானிமி' என்ற இரண்டு தொகுதி நூலை எழுதியவர் ஹெஸ்டர் லிஞ்ச் பியோஸி. வேல்ஸில் பிறந்தவர். முதற்கணவர் த்ரேல் மதுவடிசாலை உரிமையாளர். அவர்கள் வீட்டில் அகராதிக்காரரான ஜான்சன் ஆண்டுக்கணக்கில் விருந்தாளியாக இருந்தார். கணவர் இறந்த பின், 1784-இல் பியோஸி என்ற இத்தாலிய இசைக்கலைஞரை அவர் மணந்தபோது ஜான்சன் உட்படப் பலர் அவரை வெறுத்து ஒதுக்கினார்கள். பத்தாண்டுகள் கழித்து அவர் எழுதிய நூல், எழுத்துமொழியைப் பற்றியதல்ல; பழகிப் பேசும் பேச்சில் எந்தச் சொல்லை எங்கே எடுப்பது என்பதைப் பற்றியது. அறிஞர்கள் அவர் நூலைத் தளர்ந்த நடையுடையது என்று குறைசொன்னதுண்டு. என் மதிப்பில், சொற்பொருள் நுட்பம் பிறக்கும் இடம் பேச்சுதான் என்பதை முதலில் சரியாகப் பிடித்தவர் அவர். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிளேர் ஸ்காட்லாந்துக்காரர், தம் ஆங்கிலத்தில் ஸ்காட்டிய வாடை வந்துவிடுமோ என்ற அச்சம் கற்றோரை வாட்டிய காலத்து எடின்பரோவில் வாழ்ந்தவர். பியோஸி வேல்ஸ்காரர், இத்தாலியரோடு குடும்பம் நடத்தியவர். 1816-இல் எல்லோரும் பயன்படுத்திய பெரிய நூலைத் தந்த ஜார்ஜ் கிராப் ஜெர்மனியில் போய்ப் படித்தவர். மொழியின் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களைவிட வாசற்படியில் நிற்பவர்களுக்கே சுவர்கள் எங்கே இருக்கின்றன என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வேறுபாடுகளெல்லாம் இந்தப் புத்தகக்காரர்கள் கட்டியவை, மக்களுக்கு அவை தேவையில்லை என்று சொல்வோர் உண்டு. இதற்கு விடை அவர்கள் தோற்ற இடங்களிலேயே இருக்கிறது. எதிர்பாராததைக் கண்டால் 'சர்ப்ரைஸ்ட்', மிகப் பெரியதைக் கண்டால் 'அஸ்டானிஷ்ட்', விளங்காததைக் கண்டால் 'அமேஸ்ட்' என்று பிளேர் வகுத்தார். முதலாவது மட்டும் ஒருவாறு நிலைத்தது; மற்ற இரண்டையும் ஆங்கிலேயர் வெறும் அளவு வேறுபாடாகவே எடுத்துக்கொண்டார்கள். 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர், எண்ணக் கூடியவற்றுக்கு 'லெஸ்' என்பதைவிட 'ஃபியூவர்' பொருத்தம் என்று தமக்குத் தோன்றுவதாக எழுதினார். பின்வந்த ஆசிரியர்கள் அந்தத் தனிப்பட்ட விருப்பத்தைச் சட்டமாக்கினார்கள்; பேச்சு வழக்கு இன்றுவரை அதற்கு முழுதாகப் பணியவில்லை. புத்தகம் மனு கொடுக்கலாம், தீர்ப்பு வழக்கினுடையது. ஆனால் மனுவே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. 'ஃபேன்சி', 'இமாஜினேஷன்' இரண்டும் ஒன்றுபோலவே வழங்கிய நாளில், 1817-இல் வெளியான 'பயோகிராஃபியா லிட்டராரியா'வில் கவிஞர் கோல்ரிட்ஜ் அவற்றைப் பிரிக்க வேண்டும் என்று வாதாடினார். ஒன்று கிடைத்த துண்டுகளைச் சேர்த்து விளையாடுவது, மற்றது புதிதாகப் படைக்கும் ஆற்றல் என்றார். இந்தச் செயலுக்கு 'டிசினானிமைஸ்' என்று ஒரு வினைச்சொல்லையும் அவரே உண்டாக்கினார். சமூகத்தின் கூட்டறிவு, தான் அறியாமலே, ஒருபொருட் சொற்களை இப்படிப் பிரித்துக்கொண்டே போகிறது என்பது அவர் கருத்து. அவருடைய பிரிவினை வென்றது. 'ஃபேன்சி' இன்று அலங்காரத்துக்கும் சின்னச் சின்ன ஆசைக்கும் இறங்கிவிட்டது. நம் ஊர் ஃபேன்சி ஸ்டோர் வரை வந்து சேர்ந்தது அந்தச் சொல்தான்.

கிராப் வேறொரு வழியில் போனார். சொல்லின் வேரைத் தோண்டினால் வேறுபாடு தானாக வெளிப்படும் என்று நம்பினார். அந்த நம்பிக்கை இன்னும் பல ஆசிரியர்களிடம் இருக்கிறது, அது சரியல்ல. 'ஃப்ரீடம்' ஆங்கில வேர், 'லிபர்ட்டி' இலத்தீன் வேர். இரண்டு வேரும் அடிமையல்லாத நிலையையே சொல்கின்றன. ஆங்கிலத் தத்துவஞானி மில் 1859-இல் எழுதிய நூல் 'லிபர்ட்டி'யைப் பற்றியது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1941-இல் அறிவித்தவை நான்கு 'ஃப்ரீடம்'கள். நம் விடுதலைப் போராட்ட வீரரை ஆங்கிலத்தில் 'ஃப்ரீடம் ஃபைட்டர்' என்போம், 'லிபர்ட்டி ஃபைட்டர்' என்பதில்லை. எந்த வேரை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் இது அங்கே கிடைக்காது. வழக்கைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். 'பிகின்', 'கமென்ஸ்' இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், பின்னது வெறும் பகட்டு என்று தள்ளுவோருக்கும் நான் உடன்படமாட்டேன். யார், எங்கே, யாரிடம் பேசுகிறார் என்பதும் பொருளில் அடங்கும். தொல்காப்பியர் இதை நன்றாக அறிந்திருந்தார். ஈ, தா, கொடு மூன்றும் கேட்பதற்கான சொற்கள்தான். ஆனால் தாழ்ந்தவன் கேட்பது முதலாவது, ஒத்தவன் கேட்பது இரண்டாவது, உயர்ந்தவன் கேட்பது மூன்றாவது என்று அவர் பிரித்து வைத்தார்.

1852-இல் பீட்டர் மார்க் ரோஜே தம் 73-ஆம் வயதில் வெளியிட்ட 'தெசாரஸ்' இந்த வரலாற்றை வேறு பக்கம் திருப்பியது. அவர் மருத்துவர், தந்தை ஜெனீவாவிலிருந்து வந்தவர். 1805-இலேயே தம் சொந்த உபயோகத்துக்காகத் தொடங்கிய சொல் அட்டவணையை, ஓய்வுக்காலத்தில் ஆயிரம் தலைப்புகளாக விரித்தார். தமக்கு முன்னோடியாக வடமொழி அமரகோசத்தையும், 1808-இல் சேரம்பூரில் அச்சான கோல்புரூக்கின் மொழிபெயர்ப்பையும் அவர் முன்னுரையில் குறிப்பிடுகிறார். நம் நிகண்டுகளான திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் போன வழி அது: ஒரு பொருளுக்குரிய சொற்களையெல்லாம் ஓரிடத்தில் குவித்துத் தருவது. நிகண்டு மனப்பாடம் செய்த புலவருக்குச் சொற்களின் நுட்பம் ஏற்கெனவே தெரியும். எதுகை மோனைக்கு ஏற்ற சொல் கைக்கு வந்தால் போதும். ரோஜேயும் அப்படிப்பட்ட வாசகரையே எண்ணினார். வேறுபாடுகளை விளக்குவது தம் நோக்கமல்ல என்று தெளிவாகவே எழுதினார். ஆனால் புத்தகம் அப்படித் தெரிந்தவர்கள் கையில் மட்டும் இருக்கவில்லை. வரிசையில் நிற்கும் சொற்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்று என்ற எண்ணத்தை அது பள்ளிக்கூடம் வரை பரப்பியது. நம் தேர்வுத் தாள்களில் ஒரு சொல்லுக்கு எதிரே நான்கு சொற்களைக் கொடுத்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும் கேள்வியும் அந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. பிள்ளைகளுக்கு இதில் உண்மையான இழப்பு உண்டு. சொல்லைத் தெரிந்துகொள்கிறார்கள், அது குடியிருக்கும் வாக்கியத்தைத் தெரிந்துகொள்வதில்லை.

பிரிவினை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. 'டிஸ்இன்ட்ரஸ்டட்', 'அன்இன்ட்ரஸ்டட்' இரண்டும் 17-ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தபோது, முன்னதன் முதற்பொருள் அக்கறையின்மை, பின்னதன் முதற்பொருள் பக்கச்சார்பின்மை. பிறகு இரண்டும் இடம் மாறிக்கொண்டன. இப்போது வழக்கைக் கேட்கும் நீதிபதி 'டிஸ்இன்ட்ரஸ்டட்' ஆக இருக்க வேண்டும், 'அன்இன்ட்ரஸ்டட்' ஆக இருக்கக் கூடாது. ஆனால் இன்றைய ஆங்கிலச் செய்தித்தாள்களில் அக்கறையில்லாதவரையும் 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்று எழுதுவது மறுபடி பெருகிவருகிறது. அந்தச் சுவர் நிற்குமா விழுமா என்பது அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் எல்லோர் கையிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆங்கிலம் எழுதுகிறவர்களும் அவர்களில் சேர்ந்தவர்கள்தான்.